ஐஸ் பெட்டிக் குழம்பு

அந்தச் சிறிய அலுமினியக் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை சோம்பலாக வழிந்து, கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தரைக்கு இறங்கும். அதன் பின்னால் உறைந்துபோன புளியின் வாசமும் பூண்டின் வாசமும், தூக்கத்தில் யாரோ பேசுவதுபோல, மெல்ல வரும். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்த பழைய பிரிட்ஜின் மேல் அறை அது. வீட்டில் அதற்கு "ஐஸ் பெட்டி" என்று பெயர்.

அப்பா பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். அண்ணன் கபடி ஆடினான், நான் ஓடினேன். விடிவதற்குள் மூவரும் மைதானத்தில் இருப்போம், இருட்டிய பிறகுதான் செம்மண் காலோடு திரும்புவோம். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். ஆளுக்கொரு நேரத்தில் பசியோடு வந்து நிற்கும் எங்களுக்காக அவள் கண்டுபிடித்த வழிதான் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். அன்று மாலைவரை அடுப்பு அணையாது. காரக்குழம்பு, கோழிக்குழம்பு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை அரைத்து விட்ட கத்திரிக்காய்த் தொக்கு எல்லாவற்றையும் தண்ணீர் சுண்டக் கெட்டியாக வைத்து, ஆறவிட்டு, எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்து ஐஸ் பெட்டிக்குள் அடுக்குவாள். மற்ற நாட்களில் ஒரு டப்பாவைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, சோறு வடித்தால் போதும். அதை நானோ அண்ணனோ செய்துவிடுவோம்.

"செத்துப்போன குழம்ப எழுப்பி எழுப்பிக் குடுக்கிறியே, புள்ளைங்க வயிறு இன்னா ஆவும்?" என்பாள் பக்கத்து வீட்டு அத்தை.

"தடுப்பூசி மருந்த ஐஸ்ல வச்சிக்கினு மயிலம் வரைக்கும் போய்க் குத்திட்டு வர்றோம். மருந்தே கெடல, குழம்பா கெட்டுடும்?" என்பாள் அம்மா.

அத்தனையும் நாங்கள் விளையாடுவதற்காகத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்து, தெருமுனை டிரான்ஸ்பார்மர் புகைந்து நின்றது. கரண்ட் வர நாளாயிற்று. ஐஸ் பெட்டியிலிருந்து நீர் சொட்டும் ஓசையை அரைத்தூக்கத்தில் கேட்டபோது, வீடே மெல்லக் கரைந்து எங்கேயோ மிதந்து போவதாக எனக்குத் தோன்றியது. டப்பாக்களைத் திறந்தால் எல்லாம் நுரைத்திருந்தன. ஒரு வாரச் சமையல் குப்பைக்குழிக்குப் போயிற்று.

"பரவால்ல, இந்த வாரம் டூட்டி முடிஞ்சதும் ஜல்தியா வந்து சமைச்சிடு" என்றார் அப்பா.

அம்மா டப்பாவைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "முடியாதுங்க. சாயங்காலம் எனக்கு பிராக்டிஸ் இருக்குது."

எங்களுக்கு விளங்கவில்லை.

"குண்டு எறியறேன். விழுப்புரத்துல ஆஸ்பத்திரிக்காரங்களுக்குப் போட்டி வச்சிருக்காங்க. பேரு குடுத்துட்டேன்."

பள்ளியில் படித்தபோது எறிந்தவளாம். கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லையாம். சமையல் இல்லாத சாயங்காலங்களில், அவள் வேலையில் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் மாதக்கணக்காக இரும்புக் குண்டை எறிந்து பழகியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அப்பா, முகம் சுருங்கி.

"சொன்னா நீங்க கத்துக் குடுக்க வந்துடுவீங்க. நானா எறிஞ்சி பாக்கணும்னு இருந்திச்சு."

அப்பா எழுந்துபோய்க் கேப்பை மாவை எடுத்துக் களி கிண்ட ஆரம்பித்தார். அந்த வாரம் முழுக்கக் கட்டி தட்டிய களியும் கருகிய கத்திரிக்காயும்தான். மழை விட்ட மாலைகளில் அம்மா பழகப் போனாள். திரும்பி வந்து, அந்தக் களியை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள்.

விழுப்புரத்தில் மைதானம் ஊறிக் கிடந்தது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மா வட்டத்துக்குள் நின்றாள். குண்டைக் கழுத்தோடு அணைத்து, கண்ணை மூடி, உடம்பைச் சுழற்றினாள். அது மேகத்துக்குள் போய்த் திரும்பவே இல்லை என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஈர மண்ணில் தொப்பென்று விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாம் பரிசு. "அந்த முழங்கைய..." என்று எதையோ திருத்தப்போன அப்பா, சட்டென்று வாயை மூடிக்கொண்டு கைதட்டினார்.

இப்போது அம்மா இல்லை. அந்த பிரிட்ஜ் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அண்மையில் திண்டிவனம் போயிருந்தபோது மருத்துவமனையின் பின்பக்கம் நடந்தேன். அவள் நின்றிருக்கக்கூடிய இடத்தை உத்தேசமாகப் பிடித்து, குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். பாதியிலேயே புதுக் கட்டடத்தின் சுவர் வந்துவிட்டது.