நூற்றில் ஒன்று போக

கரும்பலகையில் பன்னிரண்டு கூடைகளை வரிசையாக வரைந்துகொண்டிருக்கும்போதே ஞானப்பூ டீச்சருக்கு நினைவு நழுவிவிடும். சாக்பீஸ் அந்தரத்தில் நிற்கும். சன்னலுக்கு வெளியே, வெகுதொலைவில், வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மலை நீலப் புகையாகத் தெரியும். அந்த மலையடியில் ஒரு கடல் கிடப்பதாகவும், கரைப் புல்லில் ஐயாயிரம் பேர் பந்திக்கு உட்கார்ந்திருப்பதாகவும் அவருக்குத் தோன்றும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் மூச்சுக் காட்டாமல் காத்திருப்பார்கள். டீச்சர் திரும்பி வரும்போது கேள்வியோடுதான் வருவார்.

"எல்லாரும் தின்னது போக மிச்சம் பன்னெண்டு கூடை அப்பம். கூடைக்கு எட்டுத் துண்டுன்னா எத்தனை துண்டு மக்கா?"

சங்கரன்கோவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இது பத்தொன்பதாவது வருஷம். உபதேசியாரின் மகள். வீட்டில் இருந்த ஒரே புத்தகமான வேதாகமத்தில் எழுத்துப் படித்தவர். எண் படித்ததும் அதில்தான், அதிகாரத்தின் தலைமாட்டில் இருக்கும் எண்களைத் தொட்டுத் தொட்டு. அதனால் அவருக்கு எந்த எண்ணும் வெறும் எண்ணாக இருப்பதில்லை. நாற்பது என்றால் மழை. முப்பத்தெட்டு என்றால் குளத்தங்கரையில் படுத்துக் கிடக்கும் நோயாளி. நூற்றைம்பத்து மூன்று என்று யாராவது சொன்னால், வலை கிழியாமல் மீன் துள்ளும்.

ஊர்ப் பிள்ளைகள் கோவிலிலிருந்து நெற்றியில் புற்றுமண் பூசிக்கொண்டு வருவார்கள். அழிக்கச் சொல்ல மாட்டார். "ஆண்டவரும் மண்ணைக் குழைச்சித்தான் ஒரு குருடன் கண்ணுல பூசினாரு. மண்ணு நல்லதுதான்" என்பார். பிறகு அதே மண்ணைப் பற்றி, கரையான் எப்படிப் புற்றுக் கட்டுகிறது என்று அரைமணி நேரம் பாடம் நடக்கும்.

தை மாதத்தில் சௌந்தரபாண்டியன் வந்தார். பஜாரில் பருத்திவிதைக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகளும் மூன்றாம் வகுப்பு.

"டீச்சர், ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. ஆனா கணக்கு முடிஞ்சா அடியில கோடு போடணும். எம்புள்ள 'ஆமென்'னுல்லா போடுதா!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. நேரே ஹெட்மாஸ்டரிடம் போனார். மகளை நிறுத்திக்கொள்வேன் என்றும், இன்னும் பத்து வீட்டுப் பிள்ளைகளும் நிற்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஹெட்மாஸ்டர் தேவசிகாமணி நல்ல மனிதர், பயந்த மனிதர். "வேதபாடத்துக்குக் காலையில அரைமணி இருக்கு. வேண்டாம்னு சொல்லுத பிள்ளைக அந்நேரம் வெளிய இருக்கலாம். அது சட்டம். கணக்கு மணியில கணக்கு மட்டும் நடக்கட்டும் டீச்சர். இன்னொரு தடவை புகார் வந்தா மேனேஜருக்கு எழுதிருவேன். அப்புறம் ஒங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை."

"சரி சார்" என்றார் டீச்சர். மனசாரத்தான் சொன்னார்.

மூன்று வாரம் மாம்பழக் கணக்கு நடந்தது. ஒரு கடையில் நூறு மாம்பழம்; அழுகியது ஏழு. ரயில் வரும் நேரத்தை வாசிப்பதுபோல வாசித்தார். சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பின்வரிசையில் பிள்ளைகள் தூங்கினார்கள். இரவு படுக்கையில் அவர் முழங்காலிட்டால் ஜெபத்துக்குள் மாம்பழம் உருண்டு வந்தது.

கடைசியில் கைவிட்டது சர்க்கார் புத்தகம்தான். மாசி மாதம் ஒரு காலை, பக்கத்தைத் திருப்பி வாசித்தார்: 'ஒருவனிடம் நூறு ஆடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று காணாமற் போயிற்று. மீதி எத்தனை?'

புத்தகம் மடிக்கு இறங்கியது. "அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? தொண்ணூத்தொம்பதையும் காட்டுல விட்டுட்டு, அந்த ஒண்ணைத் தேடிப் போனாரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இசக்கித்தாய் எழுந்தாள். ஆடு மேய்க்கும் கருத்தப்பாண்டியின் மகள். வருஷம் முழுக்க வாய் திறக்காத பிள்ளை.

"ஒத்தை ஆட்டுக்காக அவரு போயிட்டாருன்னா, மத்த ஆட்டுக்கு ஆரு டீச்சர் காவலு? நரி வந்தா என்ன செய்யும்?"

பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்த கதை. யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இசக்கித்தாயின் கண் கலங்கியிருந்தது. மணி அடித்தது டீச்சருக்கு நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமை குடையை விரித்துக்கொண்டு திருவேங்கடம் ரோட்டில் நடந்தார். அறுப்பு முடிந்த கரிசல் காட்டில், உரத்துக்காக ஆடுகளை மடக்கிக் கிடை போட்டிருந்தான் கருத்தப்பாண்டி. பதறி எழுந்து முண்டாசை அவிழ்த்தான்.

"என்ன டீச்சரம்மா? இவ ஏதும் சேட்டை பண்ணிட்டாளா?"

"இல்லை அண்ணாச்சி. எனக்கு ஒரு சந்தேகம். ஒத்தை ஆடு தப்பிப் போனா, மத்ததை விட்டுட்டுத் தேடிப் போவியளா?"

"போவாம? போன ஐப்பசியில ராயகிரிப் பக்கம் கெடை. அடைமழை. ஒரு செனையாடு காணலை. இவளையும் இவ அம்மையையும் ஆட்டுக்குக் காவலா நிப்பாட்டிட்டுப் போனேன். விடியத்தான் வந்தேன்."

டீச்சர் இசக்கித்தாயைப் பார்த்தார். அவள் ஒரு குட்டியின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். மழையில், ஆடுகளுக்கு நடுவே, அப்பன் போன திசையைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய நின்றவள் அவள்.

"அப்போ இங்கன நிக்குததைப் பத்திக் கவலை இல்லையா அண்ணாச்சி?"

கருத்தப்பாண்டி சிரித்தான். "என்னம்மா இப்படிக் கேக்கிய! தேடுதது ஒண்ணைத்தான். நெஞ்சு பூரா இங்கனதான கெடந்துது. எடி விழுந்தா, எம்புள்ள பயப்படுமேன்னு ஒரு சத்தம் குடுப்பேன். காத்துல அது இங்கன வந்து சேர்ந்துதோ என்னமோ."

"கேக்கலை" என்றாள் இசக்கித்தாய், குட்டியைப் பார்த்தபடியே. "சத்தம் குடுத்தியாப்பா?"

"தொண்டை கட்டிப் போச்சேட்டி, ரெண்டு நாளு!"

டீச்சர் திரும்பி நடந்தார். குடையை விரிக்க மறந்துபோனார். உச்சிவெயிலில் கரிசல் வெடிப்புகள் மேல் கானல் ஓடியது. அதற்குள்ளே யாரோ ஒருவர், தோளில் ஒன்றைச் சுமந்துகொண்டு, மற்றவற்றுக்குச் சத்தம் கொடுத்தபடி வந்துகொண்டே இருப்பதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை கணக்கு மணி. அவர் ஹெட்மாஸ்டரிடம் சொன்ன 'சரி'யை மறந்துவிடவில்லை. சாக்பீஸை எடுத்தார், வைத்தார். முதல் வரிசையில் சௌந்தரபாண்டியனின் மகள் சிலேட்டோடு காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இசக்கித்தாய்.

"ராயகிரிப் பக்கம் ஒரு கெடை. நூறு ஆடு. அடைமழை" என்று ஆரம்பித்தார்.

வேதப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. ஒருவன் இருட்டில் தேடினான். தேடத் தேடச் சத்தம் கொடுத்தான். காற்று அதை வேறு திசைக்குக் கொண்டுபோயிற்று. இசக்கித்தாய் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பன் எப்படிக் கூப்பிட்டிருப்பான் என்று கூப்பிட்டுக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. பிறகு ஆடு கிடைத்தது.

"இப்பம் எழுதுங்க. மொத்தம் எத்தனை?" என்றபோதுதான் ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். கையில் மெமோ புத்தகம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேசையில் விரித்து வைத்தார். 'கணக்கு வேளையில் கணக்கல்லாத கதை சொன்னமைக்காக.' போன வாரக் கதைக்குப் புகார் வந்திருந்ததால், முன்னமே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர்," என்று இசக்கித்தாய் கிட்டே வந்து குசுகுசுத்தாள். "சார் அப்பமே வந்துட்டாவ. ஆடு கெடைக்கிற வரைக்கும் வெயில்லதான் நின்னாவ."

ஞானப்பூ டீச்சர் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். குனிந்து, ஈர மையின் மேல் மெல்ல ஊதி ஆற்றிவிட்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார்.