வரிக்கு வரி இன்னொரு குரல்

இது எனக்கு நடந்தது. கதை கட்டுகிறாள் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு வந்தது பிற்பகல் மூன்றே முக்காலுக்கு. ஆனால் டப்பிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே எந்நேரமும் இருட்டுதான்.

ஹிப் ஹாப்பில் முன்னுக்கு வரத் துடிக்கும் பொடிசுகளைப் பற்றிய படம் அது. அந்தப் பொடிசுகள் வேறு யாருமில்லை, நானும் என் கூட்டாளி நெட்டையும்தான். ஆறு வருஷம் ஒரே மைக்கில் ராப் பாடியவர்கள். இயக்குநர் எங்கள் அறைக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எங்கள் பாட்டு, கனவு, சண்டை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். படத்தில் நீங்கள் இரண்டு பேரும்தான் என்று வாக்குக் கொடுத்தார். எங்களுக்கு நடிக்கத் தெரியாதே என்றேன். உங்களைப்போல இருக்கவுமா தெரியாது என்று சிரித்தார்.

திடீரென்று ஒருநாள் நெட்டை போனை எடுப்பதை நிறுத்தினான். மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார்.

"அவன் உன்னைக் கழட்டி விட்டுட்டான்மா. தனியா ஒரு மியூசிக் கம்பெனிக்குப் போயிட்டான். பாட்டு உரிமை எல்லாத்தையும் எனக்கே எழுதிக் குடுத்துட்டான்."

பாதி வரிகள் என்னுடையவை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி. இனி அவன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று முடிவு செய்தேன். பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். என் வேடத்தில் வேறொரு பெண்ணை வைத்து ஒரு பாட்டை ஏற்கெனவே படம்பிடித்துவிட்டாராம் இயக்குநர். அவளுக்குக் குரல் மட்டும் கொடு என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். என் குரலாவது திரையில் வரவேண்டும். அதையும் விட்டால் ஆறு வருஷத்துக்கு எனக்கு ஒன்றுமே மிஞ்சாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் இயக்குநரும். இந்தப் பக்கம் நான் தனியாக. நான் ஐந்தடிகூட முழுசாக இல்லை. மைக்கை என் வாய் உயரத்துக்கு இறக்கித் திருகினேன்.

முதல் டேக் முடிந்தது. போட்டுக் காட்டினார்கள்.

வரி முடியும் இடத்தில்... இன்னொரு குரல்.

ராப் பாடுபவர்களுக்கு இது தெரியும். ஒருவர் பாடும்போது வரியின் கடைசிச் சொல்லை மட்டும் கூட்டாளி சேர்ந்து சொல்வான். அந்த இடம் அழுத்தமாக விழும். அதை டபுள் என்போம். என் வரிகளுக்கு நெட்டைதான் டபுள். எப்போதும் ஒரு இமைப்பொழுது பிந்தியே வருவான். எத்தனை திட்டினாலும் திருந்தமாட்டான்.

இந்தக் குரலும் பிந்தித்தான் வந்தது.

பழைய பதிவிலிருந்து அவன் குரலை எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒலிப்பதிவாளர் சத்தியம் செய்தார். ஒரே மைக், ஒரே டிராக், எதையும் சேர்க்கவில்லை என்றார். இன்னொன்று போகலாம் என்று இயக்குநர் கையைக் காட்டினார்.

திரும்பினேன். மைக் என் தலைக்கு மேலே இருந்தது.

திருகு தளர்ந்தால் மைக் கீழே இறங்கும். மேலே ஏறாது. மறுபடி இறக்கினேன். கை வலிக்க இறுக்கினேன்.

இரண்டாவது டேக். ஹெட்போனில் மூச்சுச் சத்தம். என் மூச்சு இல்லை...

நான்காவது வரியில் வேண்டுமென்றே நிறுத்தினேன். கடைசிச் சொல்லைச் சொல்லவில்லை.

சொல் வந்தது.

அவன் மட்டும் சொன்னான்.

கிர்ர்... கிர்ர்...

மைக் கம்பி என் கண்ணெதிரே ஏறியது. மெதுவாக.

திரையில் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. நான் பாடவில்லை.

ஹெட்போனில்... காதோடு...

"நான் உன்னை விட்டுட்டுப் போகல."

ஓடினேன்.

இயக்குநர் பின்னாலேயே வந்தார். நெட்டைக்கு இப்போதே போன் போடுங்கள் என்றேன். காலையில்தான் பேசினான், வெளியூரில் இருக்கிறான், இப்போது எடுக்கமாட்டான் என்றார். அந்த ஏசி குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது. நான் நேராக நெட்டை வீட்டுக்குப் போனேன்.

அவன் அக்கா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அடக்கத்துக்கே வரல. இப்ப எதுக்கு வந்த?"

படத்துக்கான ஒத்திகையில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் அவனை ஏறி நின்று பாடச் சொன்னார்களாம். கால் தவறிவிட்டது. இரண்டு வாரம் ஆகிறது. அவன் போனை எடுக்காமல் போன அதே நாள். உடம்பைக் கொண்டுவந்து சேர்த்ததே இயக்குநர்தான்.

"உன்கிட்ட சொல்லியாச்சு, நீ வரமாட்டேன்னுட்டேன்னு அவர்தான் சொன்னாரு."

என்னிடம் அவனைப் பற்றி ஒரு பொய், இவளிடம் என்னைப் பற்றி ஒரு பொய். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வாயால் விற்றிருக்கிறார் இயக்குநர். நான் இரண்டு வாரமாகச் செத்தவனைச் சபித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

படம் வெளியாகிவிட்டது. நான் முழுசாகப் பாடிய முதல் டேக்கையே வைத்திருக்கிறார்கள், அந்தக் குரலோடு. என் பெயரும் இல்லை, அவன் பெயரும் இல்லை. ஒலிப்பதிவாளரைத் தேடிப்போய்க் கேட்டேன். அவர்தான் சொன்னார். நான் ஓடியபிறகு இயக்குநர் அறைக்குத் திரும்பி வந்து, விளக்கைப் போடாமல் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இது யார் குரல் சார், அவரிடம் அனுமதி வாங்க வேண்டாமா என்று இவர் கேட்டிருக்கிறார்.

"அழிக்காத, நல்லா இருக்கு" என்றாராம் இயக்குநர். "செத்தவன் வந்து கேக்கவா போறான்?"