இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும்

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலை. அங்கே லொரேனும் அவள் மகள் ட்ரினாவும் அடுத்தடுத்த இயந்திரங்களில் தைத்தார்கள். ஒரே துணி, ஒரே தையல், ஒரே முதுகுவலி. ஆனால் தாயின் கூலியில் பாதிதான் மகளுக்கு.

அந்தப் பாதியை வெட்டியது வேறு யாருமல்ல, பெற்றவளேதான்.

கார்கள் விற்காமல் தேங்கிக் கிடந்த வருஷம் அது. கூலிச் செலவு கட்டுப்படியாகவில்லை, ஆலையை மெக்சிகோவுக்குக் கொண்டு போகிறோம் என்று நிர்வாகம் மிரட்டியது. பிறகு தானே ஒரு வழியும் சொன்னது: இருக்கிறவர்களின் கூலியில் கை வைக்க மாட்டோம், இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் பாதி. தொழிற்சங்கக் கூடத்தில் ஓட்டு நடந்தது. கணவன் விட்டுவிட்டுப் போய், பள்ளிக்கூடம் போகும் மகளோடு தனியாக நின்றவள் லொரேன். வரப்போகிறவன் யாரோ, முகமில்லாதவன். 'சம்மதம்' என்று போட்டுவிட்டு வந்து, மகளுக்குப் பிடித்த முட்டைக்கோஸ் சுருள் செய்து ஊட்டினாள்.

அந்த முகமில்லாதவன் ட்ரினாவாக ஆலைக்குள் வந்தபோதுதான், ஆலை விசில் சத்தத்துக்கு நடுவே, தான் வெட்டியது யாரை என்று லொரேனுக்கு உறைத்தது.

இப்போது மறுபடியும் ஓட்டு. ட்ரினா போன்றவர்களுக்கு முழுக்கூலி தருவார்கள். பதிலுக்கு, இனி சேருகிறவர்கள் எல்லோரும் தற்காலிகம். கூலி இன்னும் குறைவு. மருத்துவச் செலவும் கிடையாது.

"என்ன லொரேன், இந்தத் தடவை யாரை விக்கப்போறோம்?" என்று சாப்பாட்டு அறையில் சிரித்தான் பழைய கூட்டாளி டார்னெல். லொரேன் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை. சங்கக் கூடத்து வாசலில் பனி கொட்டியது. காரை விட்டு இறங்கப்போன மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள் லொரேன்.

"வேண்டாம்டி ட்ரினா. எதிர்த்துப் போடு."

"சும்மா இரும்மா. அன்னிக்கு உன் கையை யாராவது பிடிச்சாங்களா?"

"பிடிச்சிருந்தாலும் உதறியிருப்பேன். அதனாலதான் கெஞ்சுறேன்."

"கெஞ்சினா ஆச்சா? வாடகையை நீ கட்டுவியா? பிரசவத்துக்கு நீ குடுப்பியா? வரப்போறவன் யாரோ எவனோ! அவன் மொகத்த நான் பார்த்தேனா?"

லொரேன், ஏழு மாத வயிற்றின் மேல் மகள் வைத்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனியில் வழுக்கிவிடுமோ என்று பயந்து, மகளைத் தாங்கிப் படியேற்றியதும் அவளேதான்.

லொரேன் எதிர்த்துப் போட்டாள். அது எந்த மூலைக்கு? முடிவு சொன்னதும் கூடமே ஆர்ப்பரித்தது. கண்கள் மின்ன ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள் ட்ரினா. இருவருக்கும் நடுவில் அந்த வயிறு இடித்தது.

"ஜெயிச்சாச்சும்மா! வீட்டுக்கு வா, முட்டைக்கோஸ் சுருள் பண்றேன்" என்றாள்.