அம்மா ஏற்ற மாமியார் வேடம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இதை எழுத உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. நான்கு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசல்வரை போய் வருகிறேன். அம்மாவும் இப்படித்தான்.

அம்மா பிறந்தது காஜா பேராங்கில், மலாக்கா செட்டிக் குடும்பமொன்றில். சாமியும் கோயிலும் நம்முடையவைதாம். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வந்த அப்பாவை மணந்த பிறகே தமிழ் ஓயாமல் காதில் விழத் தொடங்கியது. அப்பா நாடகப் பைத்தியம். மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு அவருடைய குழு ஒரு குடும்ப நாடகம் போட்டது. கொடுமைக்கார மாமியாராக நடிக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. புதுப்பெண்ணான அம்மா தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு மேடையேறினார்.

வசனத்தை ரூமியில், அதாவது மலாய்க்குப் பழகிய ஆங்கில எழுத்தில், எழுதிவைத்து, துணி துவைக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகினாராம். நாடகம் முடிந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

“செட்டி வீட்டுப் பொண்ணு, எவ்ளோ அழகா தமிழ் பேசுது பாருங்க!”

அம்மா சிரித்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சட்டிபானையை உருட்டினார்.

பிறகு தமிழ் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார். தெங்கேரா, புக்கிட் பாரு, வெளியூர் என்று எத்தனையோ மேடைகள். மாலைகள் விழுந்தன. ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. பாராட்டு மட்டும் மாறவே இல்லை.

“நல்லதத்தான சொல்றாங்க, விடேன்” என்பார் அப்பா.

“மத்தவங்க நடிச்சா அழுவுறாங்க, திட்டுறாங்க. நா நடிச்சா தமிழுக்கு மார்க்கு போடுறாங்க. நா என்ன ஸ்கூல் புள்ளையாங்க?”

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் அந்த மார்க்கைப் போட்டவர்கள்தாம். அன்பாகத்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனாலும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது.

படுக்கையில் விழுந்த பிறகும் அம்மா எழுந்து நடக்கத் துடித்தார். இன்னும் ஒரு நாடகம் போடவேண்டும் என்றார். பார்க்க வந்தவர்களோ அம்மாவின் உச்சரிப்பை மெச்சிவிட்டுப் போனார்கள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மாவைப் பெட்டியில் கிடத்தியிருந்தபோது, புக்கிட் ரம்பாயிலிருந்து வயதான ஓர் அம்மாள் தடியூன்றி வந்தார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. பெட்டியருகே நின்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

“அடிப்பாவி! கல்யாணமாகி வந்த புதுசுல ஒன் நாடகத்த பாத்தேன். சாப்புடுற மருமவ கையிலேருந்து தட்ட புடுங்குனியே! எம் மாமியாள அப்படியே பாத்த மாதிரி இருந்துச்சு. அன்னையிலேருந்து பாசார்ல ஒன்ன கண்டா அந்தப் பக்கமா திரும்பிப் போயிருவேன். இப்ப இப்படிப் படுத்துக் கெடக்குறியே!”

அப்படியே பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். இழவு வீட்டில் இதென்ன பேச்சென்று அவரை விலக்கப் போன உறவினர்களை நான் தடுத்தேன். அவர் பேசியதில் அம்மாவின் தமிழைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மாவைத் தட்டியெழுப்பி, “கேட்டீங்களாம்மா?” என்று கத்தவேண்டும் போலிருந்தது.

இரவு பகல் பாராமல் துணைநின்ற அண்டை வீட்டாருக்கும், நாடக நண்பர்களுக்கும், உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பெயரும் சொல்லாமல் போய்விட்ட அந்தப் புக்கிட் ரம்பாய் அம்மாளுக்குத்தான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரே ஒருநாள் முன்னால் வந்து திட்டியிருக்கக் கூடாதா!