இன்னைக்கு எத்தன தடவ நின்னுச்சு?

ரெட்டிபாளையத்தில் எதை வாங்கி வந்தாலும் முதல் வேலையாக அதை மூடி வைப்பார்கள். குடத்துக்குத் தட்டு, டிவிக்குப் பழைய வேட்டி, பைக்குக்குத் தார்ப்பாய். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஓய்வதே இல்லை. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். "உங்க ஊர்ல மனுசங்களயும் மூடித்தான் வெப்பீங்களா?" என்று கல்லங்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் சிந்தாமணி கேட்டாள். கணவன் மணிவண்ணன் சிரித்ததோடு சரி. அவன் வாயில் எப்போதும் கொழுக்கட்டைதான்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவர்களுக்கு ஒரு ஒற்றை ஷட்டர் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம். போர்டில் இருப்பது மணிவண்ணன் பெயர். வேலை தெரிந்தவள் சிந்தாமணி. தமிழ் டைப்பிங் அவள்தான். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ஸ்க்ரூடிரைவரோடு உட்காருவதும் அவள்தான். நாள் முழுக்க இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்ததால் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. "பேப்பர் தீந்துபோச்சு", "அந்த அம்மாவுக்குப் போட்டோ எடுங்க" என்பதிலேயே அவர்களுடைய தாம்பத்தியம் சௌக்கியமாக நடந்தது.

புது வீட்டுக்குச் சுவர் எழும்பியது. தளம் போடக் காசில்லை. சிமெண்ட் விளைகிற ஊரில் குடியிருந்துகொண்டு, சிமெண்ட் வாங்குவதற்காக ஒருத்தி குவைத்துக்குப் போகிறாள் என்றால் இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது? ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள், தன் பூப்போட்ட பழைய புடவையை வெட்டி கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஓர் உறை தைத்து மாட்டினாள். "தூசி படாம மூடி வைங்க" என்றாள். கணவனிடம் சொல்ல எத்தனையோ இருந்திருக்கும். வாயில் வந்தது அதுதான்.

மணிவண்ணன் அந்தச் சொல்லைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான்.

அவள் வேலை பார்க்கும் வீட்டில் பிள்ளைகள் டியூஷன் போகும் நேரம், இங்கே விளக்கு வைக்கும் நேரம். அப்போது போன் வரும். வீடியோவில் பேசினால் அந்த வீட்டு அம்மாவுக்குப் பிடிக்காதாம். அதனால் வெறும் குரல்தான். முதல் சில மாதங்கள் அந்தப் போன் பெரிய அவஸ்தையாக இருந்தது. "சாப்டீங்களா?" "சாப்ட்டேன். நீ?" "ம்." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். பிள்ளை குட்டி இருந்திருந்தால் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அந்தக் கொடுப்பினை இல்லை. "சரி, வெக்கிறேன்" என்று அவள் வைத்துவிடுவாள். நாளெல்லாம் காத்துக் கிடந்தது இதற்குத்தானா என்று ஷட்டரை இழுத்து மூடுவான்.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோக ஆரம்பித்தது. கடவுள் கண் திறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கரண்டை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும், கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். இவர்களுடையது, இருப்பதிலேயே மலிவான கம்ப்யூட்டர் பெட்டியோடு சும்மா சேர்ந்து வந்தது. கோளாறு அதில்தான் என்று சிந்தாமணி போனிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"இன்னைக்கு எத்தன தடவ நின்னுச்சு?"

"மூணு தடவ. மத்தியானம் ஒருக்கா, டீ வேளைல ரெண்டு."

"மூக்குல பிடிக்கிற மாரி கருகல் வாசன வருதா?"

"இரு, மோந்து பாக்குறேன்."

அவன் குனிந்து மோந்து பார்ப்பான். அவள் அங்கே காத்திருப்பாள். பெட்டிக்குள் இருக்கும் குட்டி மின்விசிறி கடகடக்கும் சத்தத்தைப் போனைப் பிடித்துக் கேட்கவைப்பான். "பேரிங் போயிடுச்சுங்க" என்பாள். பேச்சு அங்கிருந்து மழைக்குப் போகும். ஜெயங்கொண்டத்தில் முந்திரி பூத்ததற்குப் போகும். அவள் கைவிரல் வெடித்திருப்பதற்குப் போகும். புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாமா என்று அவன் ஒப்புக்குக் கேட்டால், "வேணாம், நான் வந்து பாத்துக்கிறேன்" என்பாள். அவனுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். காலையில் கடை திறக்கும்போதே, இன்றைக்கும் நின்று தொலைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற கடைக்காரனை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இப்படியே போயிருக்கும். கவியா வந்து கெடுத்தாள். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வந்த பெண். கடைசி நாள். போட்டோ ஏற்றி, கையெழுத்து ஏற்றி, பணம் கட்டுகிற இடத்துக்கு வந்ததும் திரை கறுத்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும் கறுத்தது.

"அண்ணே, போன வருசமே வயசு வரம்பு முடிஞ்சிருச்சுண்ணே. இந்தத் தடவ ஏதோ தளர்வு குடுத்திருக்காங்க. இத வுட்டா எனக்கு வேற கெடையாதுண்ணே" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மணிவண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அரியலூருக்குப் பறந்தான். வேறொரு கடையில் வரிசையில் நின்று, ஒருவழியாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் கைகூப்பி நன்றி சொன்னாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் ஆசைக்காக அடுத்தவள் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் அரியலூரிலிருந்து மெக்கானிக் இளையபெருமாளை வரச் சொன்னான். அவன் வந்து பெட்டியைப் பார்த்தான். மணிவண்ணனைப் பார்த்தான்.

"அண்ணே, என்ன இது? மெஷினுக்குப் புடவ கட்டி வுட்டுருக்கீங்க?"

"தூசிக்குப்பா."

"ஓடும்போதுமா?"

"பின்ன? லாரி ஓடும்போதுதான தூசி வரும்."

இளையபெருமாள் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். உள்ளே உண்டாகிற சூடெல்லாம் பின்பக்கத்து விசிறி வழியாகத்தான் வெளியே போகவேண்டும். மணிவண்ணன் ஒரு வருஷமாகப் பட்டனை அழுத்த முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டதோடு சரி, பின்பக்கத்தை இறுக்கி மூடியே வைத்திருந்தான். பெண்டாட்டி சொன்ன சொல்லைத் தட்டாமல் இருந்ததில் பாவம் அந்தப் பெட்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

உறையைக் கழற்றி, தூசியை ஊதி, திறந்து பார்த்தான் இளையபெருமாள். "இனிமே அடிக்கடி நிக்காது. ஆனா இங்க பாருங்க, எஸ்.எம்.பி.எஸ்.குள்ள கெப்பாசிட்டரெல்லாம் தல உப்பிப்போச்சு. ஒரு மாசம் ஓடும், ஆறு மாசங்கூட ஓடும். போறன்னிக்குச் சும்மா போவாது, மதர்போர்டையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தான் போவும். மாத்திடுங்கண்ணே."

"பாப்போம்."

"இதுல பாக்க என்னண்ணே இருக்கு?"

இருந்தது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தான்.

மாலையில் போன் வந்தது. கவியா அழுததைச் சொன்னான். உறையைப் பற்றியும் சொன்னான். எதிர்ப்பக்கம் வெடித்ததே ஒரு சிரிப்பு!

"அட ராமா, வேல முடிஞ்சு நிறுத்தினப்புறம் மூடணும்ங்க! அதயும் சொல்லணுமா உங்களுக்கு?"

"நீ மூடி வைன்னு சொன்ன. நான் மூடி வெச்சேன்."

அவள் சிரித்துச் சிரித்து மூக்கை உறிஞ்சினாள். அது சிரிப்பு இல்லை என்று அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"உள்ள எப்படி இருக்குதாம்?" என்று கேட்டாள். சொன்னான்.

"அப்ப மாத்திடுங்க."

"நீ வந்து பாத்துக்கிறேன்னு சொன்னியே? இப்ப நல்லாத்தான ஓடுது."

"அது நான் சும்மா சொன்னதுங்க. மலிவு எஸ்.எம்.பி.எஸ். என்னிக்காவது போர்டக் கொன்னுடும்னு எனக்குத் தெரியாதா? முதநாளே மாத்தச் சொல்லியிருக்கணும். மாத்திட்டா அப்புறம் நீங்க என்ன பேசுவீங்க? சாப்டியான்னு கேட்டுட்டு வெச்சுடுவீங்க. இங்க நாலு செவுத்துக்குள்ள எனக்கு அது ஒண்ணுதான் நம்ம ஊட்டுப் பேச்சு." மூச்சு வாங்கினாள். "இன்னொரு பொண்ணு அப்புடி அழுவக் கூடாதுங்க. நாளைக்கே மாத்திடுங்க."

தனக்கு மட்டும்தான் இந்தக் கிறுக்கு என்று அவன் இதுநாள்வரை நினைத்திருந்தான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. "சரி" என்றான்.

மறுநாள் இளையபெருமாள் நல்லதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். கம்ப்யூட்டர் நாள் முழுக்க அசையாமல் ஓடியது. வந்தவர்கள் எல்லாருக்கும் வேலை முடிந்தது. கடை இவ்வளவு ஒழுங்காக நடந்து அவன் பார்த்ததில்லை. இவ்வளவு வெறிச்சென்று இருந்தும் பார்த்ததில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போன் வந்தது.

"மாத்தியாச்சா?"

"ஆச்சு."

"நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"சாப்டீங்களா?"

"இனிமேதான். நீ?"

"ம்."

லாரி ஒன்று போயிற்று. பின்னாலேயே இன்னொன்றும் போயிற்று. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று மணிவண்ணன் மேசையையும் சுவரையும் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்தது. அவள் பாத்திரம் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். இனி அவள் வெக்கிறேன் என்று சொல்வாள் என்று அவன் காத்திருந்தான்.

"நாளைக்கும் பேச ஒண்ணும் இருக்காது, சிந்தா" என்றான் மெதுவாக.

"இல்லாட்டி போவுது. நீங்க வெச்சுடாதீங்க."

அவன் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, அவள் உட்காரும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் ஜெராக்ஸ் பேப்பரை அடுக்கத் தொடங்கினான்.