பயணம் போகிறவர்கள்: ஒருவர்

நண்பர்களே, ஜங்ஷன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன்.

காலையில் ஆபீசுக்கு ஒரு போன்.

"மல்லிகா மேடம் வீட்டுக்காரரா? சுற்றுலா கிளப்ல இருந்து பேசுதோம். போன வருசம் பொருட்காட்சியில மேடம் பெட்டியில போட்ட சீட்டுக்குப் பரிசு விழுந்திருக்கு. ரெண்டு பேரும் வாங்க."

என் மனைவி மல்லிகா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் கையெழுத்தைப் பார்க்கலாமே என்று போனேன்.

"மதினி வரலியா அண்ணாச்சி?" என்றபடி கிளப்காரர் சீட்டை நீட்டினார்.

ஓட்டல் கிளப்பா, வேன் கிளப்பா என்ற கேள்விக்கு வேனில் டிக் போட்டிருந்தாள். படுக்கையும் அடுப்பும் உள்ள வேனில் ஊர் ஊராகப் போய், கிளப்பின் கூடாரத் திடல்களில் தங்கலாம்.

கீழே, எத்தனை பேர்?

"ஒருவர்" என்று எழுதியிருந்தாள்.

"மதினி தப்பா எழுதிட்டாங்க போல. ஒத்தை ஆளுக்கு நம்மகிட்ட திட்டமே கிடையாது" என்று சிரித்தார்.

தப்பில்லை. அவள் எங்கே கூப்பிட்டாலும், "ஏட்டி, லீவு கெடைக்காது" என்றுதான் சொல்வேன்.

இன்று அந்தச் சீட்டுக்காக அரை நாள் லீவு கேட்டேன். மானேஜர் ஏனென்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

உங்கள் ஆபீசில் எப்படி?