பேய் உடைத்த வெள்ளைக்கல்

விடியற்காலையில் பிரசவத்தில் செத்துப்போன பெண்ணொருத்தி அன்று காலையே வேலைக்கு வந்து கல் உடைத்தாள் என்று நான் முழு மனதோடு நம்பினேன். அப்போது எனக்கு மீசை நன்றாகவே முளைத்திருந்தது. ஆகவே சின்னப் பையன், அறியாமல் பயந்துவிட்டான் என்று யாரும் எனக்குச் சலுகை காட்ட வேண்டியதில்லை. தங்கவயலில், பாலகாட் சுரங்கத்துப் பக்கம் கல் உடைக்கும் களமொன்றில் மணி அடிப்பது என் உத்தியோகம். வேலை தொடங்க, கஞ்சி குடிக்க, வேலை முடிய என்று அடிப்பேன். நடுவில் மணி ஒலித்தால் சுரங்கத்துக்குள் யாருக்கோ ஆபத்து என்று அர்த்தம். நடுவில் கையைச் சும்மா வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கூலி.

சுரங்கத்திலிருந்து மேலே வரும் வெள்ளைக்கல்லைப் பெண்கள் சுத்தியால் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைப்பார்கள். அதை மில்லில் கொட்டி மாவாக இடித்தால்தான் தங்கம் பிரியும். தூள் ஏறாமலிருக்க முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பார்கள். இமைகூட வெளுத்திருக்கும். எங்கள் களத்து மேஸ்திரிக்கு அவர்களில் ஒருத்தியின் முகமும் தெரியாது, புடவைதான் தெரியும். "அந்தப் பாக்குக் கலரு வந்துட்டாளா?" என்றுதான் ஆள் எடுப்பார்.

பாக்குக் கலர் என்பவள், சுரங்கக் கூலிகள் குடியிருந்த லைனில் எங்கள் எதிர்க் குடிசைக்காரி. போன மழைக்காலத்தில் பாறை சரிந்து புருஷன் போய்விட்டான். அவள் அப்போது பிள்ளையுண்டாகியிருந்தாள். தட்டி வைத்த அந்தக் குடிசை வேலையோடு ஒட்டியது. வேலை போனால் குடிசையும் போகும். ஒருத்தி ஒருநாள் வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்துவிடுவார் மேஸ்திரி. ஊரில் ஏரி வறண்டு வந்தவர்கள் களத்து வாசலில் எந்நேரமும் காத்திருந்தார்கள். அவளோ நிறைமாதத்திலும் சுத்தியைக் கீழே வைக்கவில்லை.

அன்று விடியற்காலையில் எதிர்க் குடிசையிலிருந்து மருத்துவச்சி தலையைக் குனிந்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். லைனுக்குப் பின்னால் பெண்கள் ஒரு பாயைப் போட்டுக் கொளுத்தினார்கள். என் அண்ணி, அப்போது களத்து வேலைக்குப் போகாதவள், எந்நேரமும் என்னைக் கிண்டல் செய்கிறவள், வாயே திறக்காமல் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வேறென்ன வேண்டும்? எதிர்க் குடிசைக்காரி போய்ச் சேர்ந்தாள் என்று முடிவு கட்டினேன். யாரும் ஒப்பாரி வைக்கவில்லையே என்று ஒரு சந்தேகம் வந்தது. துக்கம் தொண்டையை அடைத்திருக்கும் என்று அதற்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன். நேரே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேறு நடந்த வாசலில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்று கௌரவமாக ஒதுங்கிக்கொண்டேன். என் பயத்துக்கு நான் அப்போது வைத்திருந்த பெயர் கௌரவம்.

மணியடித்துவிட்டுத் திரும்பினால், அவள் இடத்தில் அதே பாக்குக் கலர் புடவை உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் கட்டு. இமை வரைக்கும் வெள்ளை. சுத்தி ஏறி ஏறி இறங்குகிறது. அந்த உருவம் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டியது. பிள்ளை பெற்றுச் செத்தவள் யாரைப் பிடிப்பாள் என்பது ஊரறிந்த விஷயம், கல்யாணமாகாதவனைத்தான். திரும்பி ஓடப் பார்த்தவன் மணிக் கம்பத்திலேயே முட்டிக்கொண்டேன். விழாமலிருக்க மணிக் கயிற்றைப் பிடித்தேன். கயிற்றோடு சேர்ந்து நானும் ஆடினேன். மணி அலறியது.

களமே எழுந்து நின்றது. ஒவ்வொருத்திக்கும் சுரங்கத்துக்குள் ஒரு புருஷனோ, தகப்பனோ, மகனோ இருந்தான். முகக்கட்டையெல்லாம் பிய்த்து எறிந்தார்கள். பாக்குக் கலர் புடவையும் கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு என்னிடம் ஓடி வந்தது. என் அண்ணி.

"யாரு? இன்னாச்சு? உங்க அண்ணனா? சொல்லுங்களேன்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் முகத்து வெள்ளையில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது.

"அண்ணி... பேயி..." என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு வரைக்கும் நான் யாரிடமும் பெற்றதில்லை. "பாவி மனுசா," என்றாள். "உங்க வாய்ல சேதி போனா மாவாத்தான் வெளிய வரும்னு சொல்லாம வச்சோம். அதுக்கு மணியடிச்சே சொல்லிட்டீங்களே!"

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். எதிரே முகம். அடியில் வேறொருத்தியின் புடவை, அதில் நிறைமாத வயிற்றைக் காணோம். அவருக்கு இரண்டையும் பொருத்திப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவ எங்க?"

"பெத்துக் கெடக்கறா," என்றாள் அண்ணி. "பொண்ணு. அவ பங்கு கல்லை நாங்க மாத்தி மாத்தி ஒடைக்கிறோம்."

"அப்ப எடம் போச்சு. சாயந்திரத்துக்குள்ள குடிசைய காலி பண்ணச் சொல்லு."

"கல்லு கொறஞ்சுதா மேஸ்திரி?"

"அது வேற பேச்சு."

"அதான் பேச்சு. கல்லு கொறையல. யாரு ஒடைச்சா ஒங்களுக்கு இன்னா?"

மேஸ்திரி வாசல் பக்கம் திரும்பி, காத்திருந்தவர்களில் ஒருத்தியை விரலால் கூப்பிட்டார். அவள் இடுப்பிலும் ஒரு குழந்தை. அவள் அண்ணியைப் பார்த்தாள், மேஸ்திரியைப் பார்த்தாள், பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சாப்பிட்டு எத்தனை வேளை ஆகியிருந்ததோ, அது அவளுக்குத்தான் தெரியும். அதன் பிறகு களத்தில் ஒரு சுத்தியும் எழவில்லை. யாரும் கத்தவில்லை, கோஷம் போடவில்லை. அவரவர் குவியல்மேல் முகத்தைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி அத்தனை முகத்தையும் ஒருசேரப் பார்த்தது அன்றைக்குத்தான். பாவம், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் என்னைத் திட்டினார்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது கல் வராமல் மில் நின்றது. இரவும் பகலும் எங்கள் தூக்கத்துக்குள்ளேயே இடித்துக்கொண்டிருந்த சத்தம் அது. அது நின்றதும் காது விண்ணென்றது. அந்த அமைதியில் லைன் பக்கமிருந்து ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. களம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. அண்ணி புன்னகைத்தாள். பேய்க்குப் பிள்ளை பிறந்திருக்கிறதோ என்று அப்போதும் எனக்கு ஒரு கணம் தோன்றியது. வந்த புத்தி லேசில் போகுமா?

மில் ஏன் நின்றது என்று துரை இறங்கி வந்தார். 'ஒரு பெண் பிள்ளை பெற்றாள், அதனால் மில் நின்றது' என்று எந்த மேஸ்திரிதான் துரையிடம் சொல்வார்? "இப்ப ஆரம்பிச்சுடுவாங்க துரை" என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணியிடம் திரும்பிப் பல்லைக் கடித்தபடி, "எடம் இருக்கட்டும். போய் ஒடைங்க" என்றார். அண்ணியைக் களத்தின் வெயில் மூலைக்கு மாற்றி உட்கார வைத்து மனசை ஆற்றிக்கொண்டார். வாசலில் உட்கார்ந்தவளுக்கு அன்றைக்கு வேலை கிடைக்கவில்லை. எங்கள் பெண்கள் தங்கள் கஞ்சியில் அவளுக்கும் குழந்தைக்கும் ஊற்றினார்கள்.

இப்போது வயல் முழுக்க மின்சார விளக்கு எரிகிறது. அந்தக் களத்தில் கல்லை யந்திரம் கடிக்கிறது. அண்ணிக்கு இருமல். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் என் மணியைச் சொல்லித்தான் சிரிக்கிறாள், மற்றதைச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

எதிர்க் குடிசைக்காரி சாகவில்லை. மருத்துவச்சி துடைத்தது ராத்தூக்கம் கெட்ட கண்ணை, பெண்கள் கொளுத்தியது பிள்ளை பெற்ற பாயை. குழந்தைக்குத் தலை நின்ற பிறகு அதைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தாள். அவள் இடம் காலியாகவே இருந்தது. குடிசையிலும் அவளே இருந்தாள். அடுத்து அந்தக் களத்தில் பிள்ளை பெற்றவளின் புடவையை யாரும் உடுத்திக்கொண்டு வரவேண்டியிருக்கவில்லை.